எண் கணக்குகளில் சொல்லும் பொருளும்

ஹவுன்ஸ்லோவில் கிராமர் பள்ளி கிடையாது. அதை விரும்பும் தமிழ்ப் பெற்றோர் கிங்ஸ்டனில் உள்ள டிஃபின் பள்ளிகளையோ ஸ்லாவில் உள்ள நான்கு கிராமர் பள்ளிகளையோ நோக்கி, பிள்ளைகளை 'இலவன் பிளஸ்' நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் மே மாதத்தில் எழுதும் 'சாட்ஸ்' தேர்வில் கணிதத்துக்கு 110 மதிப்பெண். அதில் 70 மதிப்பெண் 'ரீசனிங்' தாள்கள் இரண்டுக்கு உரியது. இவற்றில் வரும் எண் பண்புக் கணக்குகளில் பெருக்கல் எளிது, வாக்கியம்தான் இடறும்.

கவனிக்க வேண்டிய சில சொற்கள்:

ஃபேக்டர், மல்டிபிள்: 6 என்பது 18இன் காரணி, 18 என்பது 6இன் மடங்கு. ஓர் எண்ணின் காரணிகளில் 1ம் அந்த எண்ணும் அடங்கும். எனவே 12க்குக் காரணிகள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12.

பிரைம்: 1 பகா எண் ஆகாது. 2 மட்டுமே இரட்டைப்படைப் பகா எண். ஆகவே இரு பகா எண்களின் கூட்டுத்தொகை 25 என்றால், ஒன்று 2ஆகத்தான் இருக்கவேண்டும், மற்றது 23.

டிஃபரண்ட்: கூட்டினால் 10 வரும் இரு பகா எண்கள் என்றால் 3, 7 சரி, 5, 5 கூடச் சரி. 'வெவ்வேறு' என்ற சொல் வந்தால் முதல் விடை மட்டுமே.

பிட்வீன்: 20க்கும் 30க்கும் இடையே 5இன் மடங்கு 25 ஒன்றுதான். 'இன்க்லூசிவ்' என்று சேர்த்தால் 20, 25, 30 மூன்றும் வரும்.

மஸ்ட், குட்: 6இன் மடங்கு கட்டாயம் இரட்டைப்படை எண். அது 4இன் மடங்காக இருக்கலாம் (12), இல்லாமலும் போகலாம் (18). 'கட்டாயம்' என்பதை மறுக்க ஓர் எதிர் உதாரணம் போதும். நிறுவப் பல உதாரணங்கள் போதா.

வீட்டில் தமிழில் விளக்குவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழகப் பாடநூலின் 'பகா எண்' இலங்கைப் பாடநூலில் 'முதன்மை எண்'. இலங்கைப் பேச்சில் 'இலக்கம்' என்பது தொலைபேசி எண்ணையும் குறிக்கும்; கணக்கில் 'டிஜிட்' வேறு, 'நம்பர்' வேறு. 47 ஓர் எண், அதில் இலக்கங்கள் இரண்டு. இரு நாட்டுத் தமிழரும் அக்கம்பக்கத்தில் வாழும் இந்த ஊரில், பிள்ளைக்குச் சொல்லித்தரும்போது ஆங்கிலச் சொல்லையும் உடன் சொல்வது நல்லது. தாளில் வரப்போவது அதுதானே.