வ.உ.சி.க்குக் கிடைக்காத சட்டம்

கப்பலோட்டிய தமிழன் என்றதும் நம்மில் பலருக்கு 1961இல் வந்த சிவாஜி படந்தான் முதலில் ஞாபகம் வரும். அந்தக் கப்பல் கம்பெனி ஏன் நொடித்தது என்று கேட்டால், "எல்லாம் வெள்ளைக்காரன் சூழ்ச்சிங்க" என்று முடித்துவிடுவோம். சூழ்ச்சி உண்மைதான். அதைத் தடுக்க அன்று ஒரு சட்டமும் இல்லை என்பதும் உண்மை. அந்தச் சட்டத்துக்கான போராட்டம் பிறகு நம்ம மும்பையில்தான் சூடுபிடித்தது.

1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் கப்பலை வாடகைக்குத்தான் எடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நெருக்குதலில் அது கைநழுவியது. சொந்தக் கப்பல் வேண்டுமென்று வ.உ.சி. பம்பாய்க்கு வந்தார். 1907இல் 'காலியா' தூத்துக்குடி சேர்ந்தது, 'லாவோ'வும் வந்தது. எதிர்க்கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் இலவசப் பயணம், கையில் ஒரு குடையும் இனாம் என்பார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அன்றைய சட்டம் என்ன சொன்னது? 1850ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியக் கரையோர வணிகத்தை எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் திறந்துவிட்டிருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மல்லனையும் சிறுவனையும் ஒரே கோதாவில் இறக்கிவிட்டு 'சமவாய்ப்பு' என்றால் எப்படி? கொழும்பு வழி கண்டிப்பாகப் பார்த்தால் இந்தியக் கரையோர வழி அல்ல. என்றாலும் நோய் ஒன்றுதான்.

1919 ஏப்ரல் 5ஆம் நாள் சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி ஆகியோரின் அந்தக் கம்பெனிக்கும் அதே கட்டணப் போர்தான். 1923 ஒப்பந்தத்தில் 75,000 டன்னுக்கு மேல் கப்பல் வைத்துக்கொள்வதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. வியாபாரி சரக்கு முழுவதையும் அவர்கள் கப்பலிலேயே அனுப்பினால், கூலியில் ஒரு பங்கைச் சில மாதம் கழித்துத் திருப்பித் தருவார்கள். இடையில் ஒரு மூட்டை வேறு கப்பலில் போனால் அந்தப் பணம் போச்சு! புதிய கம்பெனிக்குச் சரக்கு எப்படிக் கிடைக்கும்?

1928இல் எஸ்.என். ஹாஜி, கரையோர வணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கும் மசோதாவை மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 1935 இந்திய அரசுச் சட்டமோ பிரிட்டிஷ் கப்பல்களுக்கு எதிராகப் பாகுபாடு கூடாதென்று வாசலையே அடைத்துவிட்டது. விடுதலைக்குப் பின்புதான், 1950களின் தொடக்கத்தில், ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. 1958 வணிகக் கப்பல் சட்டத்தின் 407ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக் கப்பல் நம் கரையோரச் சரக்கை ஏற்றக்கூடாது என்றது.

2018இல் சிலவகைப் பெட்டகச் சரக்குகளுக்கு இந்த உரிமத் தேவை தளர்த்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றியது. இந்தியக் கப்பலுக்கு உரிமம் தேவையில்லை; வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டுக் கப்பலுக்குத் தேவை. அந்த உரிமம் தரும்போது மாலுமிகள் எந்த நாட்டவர், கப்பல் எங்கே கட்டப்பட்டது என்பதையும் பார்க்கலாம்.

தளர்த்தினால் கப்பல் கூலி குறையும், வியாபாரம் பெருகும் என்பது ஒரு கட்சி. நம் கப்பலும் நம் மாலுமியும் என்ன ஆவார்கள் என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இனாம் குடைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

உரிமம் வழங்கும் கப்பல்துறைத் தலைமை இயக்ககம் காஞ்சூர்மார்க்கில், செம்பூரிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில்தான் இருக்கிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் நெல்லை, தூத்துக்குடிக் குடும்பங்களில் கப்பல் வேலைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குப் படத்தை மட்டும் காட்டினால் போதாதுங்க. இந்தச் சட்டக் கதையையும் சொல்லுங்கள். வ.உ.சி.யிடம் துணிவு இருந்தது, கப்பல் இருந்தது, மக்கள் இருந்தார்கள். அவர் பக்கம் இல்லாதது சட்டம் ஒன்றுதான்.