பறிபோன நாற்காலி

1969 ஜூன் 3 அன்று ஒளிபரப்பான ‘டர்னபவுட் இன்ட்ரூடர்’, ‘ஸ்டார் ட்ரெக்’ முதல் தொடரின் கடைசி அத்தியாயம். விண்கலத் தலைமை மறுக்கப்பட்ட ஆத்திரத்தில் ஆய்வாளர் ஜேனிஸ் லெஸ்டர், கேப்டன் கிர்க்கின் உடலுக்குள் புகுந்து, தன் உடலில் அவனை அடைக்கிறாள்.

கேப்டன்களின் உலகில் பெண்ணுக்கு இடமில்லை என்கிறாள். அது மனம் பிறழ்ந்தவளின் பேச்சு, விதியல்ல என்று தொடருக்காக வாதாடும் ரசிகர்கள் உண்டு. ஆனால் இது நியாயமில்லை என்று அவள் முறையிடும்போது கிர்க்கே ஆமோதிக்கிறான். அநீதியை ஒப்புக்கொண்ட கதை, அதை எதிர்த்தவளைப் பைத்தியக்காரியாக்குகிறது.

1963இலேயே வாலென்டினா தெரஷ்கோவா தன்னந்தனியாகப் பூமியை 48 முறை சுற்றிவந்திருந்தார். ஆனாலும், மற்றப் பெண்களைப்போல நிறைவாக வாழ்ந்திருக்கலாமே என்று கிர்க் ஜேனிஸுக்காக இரங்குவதோடு தொடர் முடிகிறது. அந்த இரக்கத்தில் கேப்டன் நாற்காலி பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஸ்டார் ட்ரெக் தொடரொன்றின் மையப் பாத்திரமாகப் பெண் கேப்டன் வர, 1995இல் ‘வாயேஜர்’ வரை காத்திருக்க நேர்ந்தது.