கரிசல் காட்டில் யார் மாணவர்?



கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. பருத்தி, சோள ரகங்களின் பெயருக்கு முன்னால் வரும் ‘கே’ என்ற எழுத்து நம் ஊரைக் குறிப்பது. களை எடுத்த, பருத்தி எடுத்த பெண்களின் பெயரால் ஒரு ரகமும் இல்லை.

சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி கோவைக்குப் போய்க் கல்லூரியாகி, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. கோவில்பட்டி நிலையமும் இன்று அதன்கீழ்தான். இந்தியாவில் இவ்வகைப் பல்கலைக்கழகம் முதலில் வந்தது 1960இல், பந்த்நகரில். அதற்கு முன்மாதிரி அமெரிக்கா. 1862இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: ஒவ்வொரு மாநிலத்துக்கும், காங்கிரஸில் அதற்குள்ள உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் அரசு நிலம்; அதை விற்ற பணத்தில் உழவும் தொழிலும் கற்பிக்கும் கல்லூரி. அந்த நிலம் பூர்வகுடிகளிடம் பறித்தது என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். கறுப்பர்களைச் சேர்க்காத மாநிலங்கள் அவர்களுக்குத் தனிக் கல்லூரி வைத்தாக வேண்டும் என்ற நிபந்தனை வர 1890 ஆயிற்று.

அப்படி எழுந்த அயோவா வேளாண் கல்லூரியில் படித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்தவர். 1896இல் டஸ்கீஜிக்கு ஆசிரியராகப் போனார். அதுவும் பருத்திச் சீமைதான். பருத்தியே போட்டுப் போட்டு மண் செத்திருந்தது. கடலையும் தட்டாம்பயறும் மாற்றிப் போடுங்கள் என்றார். கல்லூரிக்கு வர முடியாத கறுப்பு விவசாயிகளுக்காக 1906இல் ஒரு குதிரை வண்டியில் கருவிகளை ஏற்றிக் கல்லூரியையே காட்டுக்கு அனுப்பினார்கள். வண்டியை வடிவமைத்தவர் கார்வர்.

நம் கரிசலுக்கு வருவோம். மழை விழுந்துவிட்டால் இந்த மண் காலைப் பிடித்துக்கொள்ளும், ஏர் இறங்காது. அதனால் மழைக்கு முன்பே புழுதியில் விதைக்க வேண்டும். மேலாக விதைத்தால் முதல் தூறலுக்கே முளைத்துக் கருகும். நல்ல மழைக்கு மட்டும் முளைக்கும் ஆழத்தில் விழ வேண்டும். இதுவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஆழத்தைக் கையால் அறிந்தவர்கள் நம் வீட்டுக் கிழவிகள். அவர்கள் பேத்தி வேளாண் கல்லூரிக்குப் போக வேண்டுமானால் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவும் உயர்ந்த மதிப்பெண்ணும் வேண்டும். நடைமுறைக் கல்வி என்று பெயர். நடைமுறைக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது, நமக்கு எட்டும் தூரம்தான். இடஒதுக்கீட்டில் நுழைந்த நம் பிள்ளைகள் படிப்பை முடித்து வங்கித் தேர்வு எழுதினால், அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. உழுது பார்க்க அவர்களுக்கு நிலம் எங்கே?

நிலம் ஒதுக்கப்படாமலும் இல்லை. 1892இல் சென்னை மாகாண அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம், பிறருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையுடன் வந்தது. அது எப்படிக் கைமாறியது என்பதை இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை. பஞ்சமி நில மீட்பு மனுவோடு இனி இன்னொரு கோரிக்கையையும் சேர்த்து எழுதுவோம்: மீட்ட நிலத்துக்கு அந்த ‘கே’ விதையும், அதோடு பேச வரும் ஓர் ஆளும், காலனித் தெருவுக்கே வர வேண்டும்.