கைநாட்டிலிருந்து கையெழுத்து வரை

நீதி அனைவர்க்கும் பொது என்பது சான்றோர் வாக்கு. வள்ளுவப் பெருந்தகை செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தருளினார். அக்கோல் நம் முன்னோர்க்கு நேராக நின்றதா, வளைந்து நின்றதா? வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் இம்மலரில் அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

1816ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை மாகாணத்துக்கென ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றினர். அது அடிதடி, வசவு போன்ற சிறு குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தைக் கிராமத் தலைவர்க்கு அளித்தது. குற்றவாளியைச் சாவடியில் காவலில் வைக்கலாம். அவர் தாழ்ந்த சாதியார் எனப்பட்டவராயின் தொழுமரத்தில் மாட்டி வைக்கலாம். குற்றம் ஒன்று, தண்டனையோ சாதிக்கு ஏற்றவாறு. ஊர் வழக்கம் மட்டுமன்று, அரசு எழுதிய சட்டமே அவ்வாறு இருந்தது என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்று 14ஆம் பிரிவிலும், தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று 17ஆம் பிரிவிலும் முழங்கியது. அண்ணல் அம்பேத்கரின் உழைப்பு அதில் கலந்திருக்கிறது. எனினும் எழுதிய அளவிலேயே சமத்துவம் வந்துவிடவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. கீழமை நீதிமன்றம் நிலக்கிழார் சிலரைத் தண்டித்தது. 1973இல் உயர் நீதிமன்றமோ, நிலமும் காரும் உடைய செல்வந்தர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்று நம்புதல் அரிது என்னும் கருத்துப்பட உரைத்து அவர்களை விடுவித்தது. செல்வம் சாட்சியாக நின்றது. சாம்பல் சாட்சியாக நிற்கவில்லை.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1931இல் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது பாலியல் குற்றம் சாட்டப்பட்டது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழுவின் முன், தக்க வழக்கறிஞர் துணையின்றி, சில நாள்களிலேயே எண்மர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அத்தீர்ப்பை 1932இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது. பின்னர், எட்டாம் வகுப்புக்கு மேல் பயிலாத கிளாரன்ஸ் கிடியன் என்னும் ஏழைக் கைதி, சிறையில் இருந்தபடியே பென்சிலால் ஒரு மனு எழுதி அதே நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதன்மேல் 1963இல் பிறந்த தீர்ப்பினால், பெருங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைகட்கு அரசே வழக்கறிஞர் அமர்த்த வேண்டும் என்பது அந்நாடு முழுமைக்கும் விதியாயிற்று. ஒரு பென்சில் செய்த சீர்திருத்தம் இது!

நம் நாட்டிலும் சீர்திருத்தங்கள் வந்துள்ளன. 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி, பட்டியல் சாதியினர் எவரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 2024 அக்டோபர் 3 அன்று, சிறையில் சாதி பார்த்து வேலை தருவதும் பிரித்து அடைப்பதும் அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகள் சாதிவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டமையும் அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது.

இங்கு நாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுதல் கடமை. பல ஆண்டுகட்கு முன், நம் மாணவன் ஒருவனின் தந்தை சாதிப் பெயர் சொல்லி அடிக்கப்பட்டார். காவல் நிலையம் ஒன்றிற்குச் சென்று முறையிட்டார். எழுதியதைப் படித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கிக்கொண்டனர். அத்தாளில் இருந்தது இருதரப்பு வாய்த்தகராறு என்னும் செய்தி மட்டுமே. நீதிமன்றப் படியேறிய பின்னரே அவர் அதனை அறிந்தார்; வழக்கும் தோற்றது. எட்டாம் வகுப்பில் பயின்ற மகனை உடன் அழைத்துச் சென்றிருக்கலாமே என்று நம்மிடம் சொல்லி அழுதார்.

இன்று சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதிய அலுவலர், கையொப்பம் பெறுமுன் அதனைப் படித்துக் காட்டல் வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிதல் வேண்டும். அதன் படியை உடனே தருதல் வேண்டும். இக்கடமையை வேண்டுமென்றே தவறும் அலுவலர், தாம் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லராயின், ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியர். ஆனால் கேட்பார் இல்லையேல் இப்பிரிவும் ஏட்டுச் சுரைக்காயே.

இளைஞர்களே! சூலக்கரையிலிருந்து நாள்தோறும் பட்டாசு ஆலைக்குச் செல்வோர் உள்ளனர். சிவகாசி அச்சகங்களுக்குச் செல்வோரும் உள்ளனர். நாடெங்கும் தொங்கும் நாள்காட்டியை அச்சிடும் கை, தன் வீட்டார்க்காக ஒரு மனு எழுதத் தயங்கலாமா? ஊரில் எவரேனும் காவல் நிலையம் செல்ல நேர்ந்தால் படித்தவர் ஒருவர் உடன் செல்லுங்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லுங்கள். படியைக் கேட்டுப் பெறுங்கள். இக்கழகம் கால் நூற்றாண்டாக ஊட்டிய எழுத்தறிவுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.