பரியறிவும் எண்ணறிவும்

நளன் கதையைக் கற்றோர் அதிலுள்ள ஒரு முரண்பாட்டை எண்ணி வியந்திருப்பர். குதிரையின் இயல்பறிந்து தேர் செலுத்துவதில் நளனுக்கு ஈடானவர் எவரும் இலர். ஆயினும் அவன் புட்கரனோடு சூதாடி நாட்டை இழந்தான். காதல் மனைவியைக் கானகத்தில் விட்டுப் பிரிந்தான். பின்னர் வாகுகன் என்னும் பெயரோடு இருதுபன்னனின் தேரோட்டியானான். விதர்ப்ப நாட்டுக்குச் செல்லும் வழியில் தான்றி மரமொன்றின் காய்த்தொகையை இருதுபன்னன் கண்ட அளவிலேயே கூற, எண்ணிப் பார்த்தபோது அது சரியாக இருந்தது. நளன் தன் பரியறிவுக்கு ஈடாக அம்மன்னனின் எண்ணறிவைப் பெற்றான். கலியும் அவனை விட்டு நீங்கியது. பரியறிவு ஒன்றே சூதில் ஒருவனைக் காவாது என்பது இக்கதையின் உட்பொருளாகும். இக்காலக் குதிரைப் பந்தயத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கும் இவ்வுண்மையே புலப்படுகின்றது.

மலாயா மண்ணிற்குக் குதிரைப் பந்தயம் ஆங்கிலேயரோடு வந்தது. சிங்கப்பூரில் 1842ஆம் ஆண்டிலும், பினாங்கில் 1864ஆம் ஆண்டிலும், பேராக்கில் 1886ஆம் ஆண்டிலும், சிலாங்கூரில் 1896ஆம் ஆண்டிலும் பந்தயக் கழகங்கள் தோன்றின. கோலாலம்பூரில் அம்பாங் சாலையை ஒட்டியிருந்த திடல் 1993ஆம் ஆண்டில் சுங்கை பீசிக்கு மாறியது. பழைய திடலில் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கின்றது. சிங்கப்பூரிலோ 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இறுதிப் பந்தயம் நடந்து, 180 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரபு முடிவுற்றது.

இத்திடல்கள் முதலில் வெள்ளைத் துரைமார்க்கும் செல்வர்க்குமே உரிய பொழுதுபோக்கு இடங்களாக விளங்கின. எனினும் பந்தய ஆசை திடலின் வேலிக்குள் அடங்கி நிற்கவில்லை. திடலுக்கு வெளியே கள்ளத்தனமாகப் பணயம் பெறும் 'புக்கி'களை ஒடுக்க 1953ஆம் ஆண்டில் பந்தயச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1969ஆம் ஆண்டில் மேக்னம் நிறுவனத்தின் நான்கு இலக்க ஆட்டம் உரிமம் பெற்று வந்தபின், குதிரையைக் காணாமலே எண்ணின்மீது பணம் கட்டும் வழக்கம் ஊர்தோறும் பரவியது. நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் அமைந்த புக்கிட் பெலண்டோக் போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில், விடியற்காலையில் மரம் சீவி நாட்கூலி பெற்ற குடும்பங்களுக்கு இத்தகைய ஆசையின் விலை மிகப் பெரிது. செல்வர் இழப்பது மிகுதிப் பணம். கூலியாள் இழப்பது அடுத்த வாரத்து அரிசி.

இனி, பரியறிவு என்பது யாதென நோக்குவோம். இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பந்தய முடிவுகள் ஆண்டுதோறும் நூலாகத் தொகுக்கப்பட்டன. 1791ஆம் ஆண்டில் குதிரைகளின் குலவரிசையைக் கூறும் பதிவேடும் வெளிவந்தது. இவ்வாறு எழுந்த ஓட்ட வரலாற்றையே பந்தய உலகம் 'ஃபார்ம்' என்று வழங்குகின்றது. குதிரை முன்னர் ஓடிய தூரம், பெற்ற இடம், சுமந்த எடை, தரையின் ஈரம், புறப்படும் வாயிலின் நிலை, ஜாக்கியின் திறம், பயிற்சி ஓட்டத்தின் நேரம், தாய்தந்தை வழி ஆகியவற்றை ஒப்பிட்டு, இன்றைய ஓட்டத்தில் அது எவ்வாறு ஓடக்கூடும் என்று துணிவதே அக்கலை. குறுந்தூரத்தில் வென்ற குதிரை நெடுந்தூரத்தில் களைக்கலாம். உலர்ந்த தரையில் பறந்தது மழைக்குப்பின் தளரலாம். இவற்றைக் கணித்தறிதல் உண்மையான உழைப்பை வேண்டும் அறிவேயாகும்.

ஆனால் இவ்வறிவுக்கு எதிராக மற்றோர் அறிவும் திடலில் இயங்குகின்றது. நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் எடையும், பின்தங்கும் குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாக் குதிரைகளையும் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டுக்குக் கொணர முயல்வது எடை வகுப்பாளரின் பணி. பணயம் கட்டுவோன் படிக்கும் அதே ஓட்ட வரலாற்றைத்தான் அவரும் படிக்கின்றார். குதிரையின் பழைய வெற்றிகளை இவர் நம்பிக்கையாகக் கொள்ள, அவர் அவற்றை ஈயக் கட்டிகளாக்கி அதன் முதுகில் ஏற்றுகின்றார். பல நாடுகளின் கணக்குகளை நோக்கின், மக்கள் மிகுதியாக நம்பும் முதற்குதிரை ஏறத்தாழ மூன்று ஓட்டங்களில் ஒன்றில்தான் வெல்கின்றது.

'டிப்ஸ்' எனப்படும் துப்பு இதனினும் வேறானது. ஆய்வு காரணத்தைக் கூறும். கேட்போன் அக்காரணத்தைச் சோதித்துப் பார்க்கலாம். துப்போ பெயரையும் எண்ணையும் மட்டுமே கூறும். மாணிக்கவாசகர் வரலாற்றில் பாண்டியனின் கொட்டிலுக்கு வந்த பரிகள் பகலில் பரிகளாக நின்று, இரவில் நரிகளாக மாறின. ஆங்கு நிகழ்ந்தது இறைவனின் திருவிளையாடல். பந்தயத் திடலிலோ காலையில் பரியாகத் தோன்றிய துப்பு மாலையில் நரியாவது அன்றாட நிகழ்ச்சி.

துப்பு மெய்யாயினும் அதன் பயன் குறுகியதே. இதனை உணர எண்ணறிவு வேண்டும். ஜோசப் ஓலர் என்பவர் 1860களில் பாரிஸ் நகரில் பரப்பிய முறைப்படி, எல்லாப் பணயங்களும் ஒரே தொகையாகச் சேர்க்கப்பட்டு, நடத்துவோரின் பங்கும் வரியும் கழிக்கப்பட்டபின், எஞ்சியது வென்றோர்க்குப் பகிர்ந்தளிக்கப்படும். இக்கணக்கைத் தானே செய்யும் பொறியை ஜார்ஜ் ஜூலியஸ் அமைத்தார். தேர்தல் வாக்குகளை எண்ணுவதற்கென அவர் முதலில் எண்ணிய அப்பொறி, 1913ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லித் திடலில் பந்தயப் பணத்தை எண்ணத் தொடங்கியது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் ஓட்டத்தில் 10,000 வெள்ளி சேர்ந்தது என்றும், அதில் நூற்றுக்கு 20 கழிக்கப்படும் என்றும் கொள்வோம். எஞ்சுவது 8,000 வெள்ளி. வென்ற குதிரையின்மீது 800 வெள்ளி கட்டப்பட்டிருந்தால் ஒரு வெள்ளிக்கு 10 வெள்ளி கிடைக்கும். துப்பு பரவி 4,000 வெள்ளி கட்டப்பட்டிருந்தால் 2 வெள்ளிதான் கிடைக்கும். பலர் அறிந்த துப்பு தன் விலையைத் தானே தின்றுவிடுகின்றது. மேலும், கூட்டத்தார் 100 வெள்ளியை எடுத்துவந்து, கிடைத்ததை மீண்டும் மீண்டும் கட்டினால், ஐந்து ஓட்டங்களின் இறுதியில் அவர்கள் அனைவரிடமும் எஞ்சுவது ஏறத்தாழ 33 வெள்ளி. பத்தாம் ஓட்டத்தின்பின் 11 வெள்ளிக்கும் குறைவு. ஒருவர் வெல்லலாம், கூட்டம் வெல்லவியலாது.

இவ்விருவகை அறிவும் தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்காகவே எழுந்தன. சென்னைக் கிண்டித் திடலில் பந்தயம் நடத்திய சென்னைப் பந்தயக் கழகம் 1896ஆம் ஆண்டில் அமைந்தது. ஏழைக் குடும்பங்கள் சீரழிவதைக் கருதி, கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு 1974ஆம் ஆண்டில் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. கழகம் வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. உச்சநீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் பந்தயம் தொடர்ந்தது. கழகத்தையே அரசுடைமையாக்கும் சட்டம் 1986ஆம் ஆண்டில் வந்தது. இறுதியில் 1996ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் திறன், பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் முதலியவற்றை மதிப்பிட்டே பந்தயத்தில் வெல்ல வேண்டியிருத்தலின், அது பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம்; எனவே சூதாட்டம் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசு கிண்டித் திடலை மூடி முத்திரையிட்டபோது, எழுந்த சிக்கல் நிலக் குத்தகை பற்றியதே, திறமை பற்றியதன்று.

தீர்ப்பு பரியறிவை ஏற்றது. அது சட்டத்திற்குரிய வினாவுக்கு விடையாகும். கூலியாளின் வீட்டு வினா வேறு: திறமை உண்டெனினும், அத்திறமை அவனிடம் உண்டா? ஹாங்காங்கில் பில் பென்டர் என்னும் அமெரிக்கர் 1980களின் நடுவில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் குதிரைகளின் ஓட்ட வரலாற்றைக் கணினியில் ஏற்றி, மக்களின் பணய விகிதத்தையும் கணக்கிற் சேர்த்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். பரியறிவும் எண்ணறிவும் கூடியபோதுதான் அது கைகூடிற்று. அதற்குப் பெரும் முதலும் நெடுங்காலமும் தேவைப்பட்டன. சம்பள நாளின் மாலையில் செவிவழி வந்த ஓர் எண்ணை நம்பிப் பணம் கட்டுவோனிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. வள்ளுவர் சூதிற்பெற்ற வெற்றியைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டதன் நுட்பம் ஈண்டு விளங்கும். இடையிடையே கிட்டும் சிறுவெற்றியே மனிதனை மீண்டும் திடலுக்கு இழுக்கின்றது.

புக்கிட் பெலண்டோக் என்னும் மலாய்ப் பெயருக்குச் சருகுமான் குன்று என்பது பொருள். மலாய் நாட்டுக் கதையில் அச்சிறு விலங்கு, அரசனின் ஆணையால் முதலைகளை எண்ண வந்ததாகக் கூறி, அவற்றை ஆற்றில் வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு என எண்ணியவாறே அவற்றின் முதுகில் தாவி மறுகரை சேர்ந்தது. நளன் காலம் கடந்து பெற்ற அறிவு அதனிடம் முன்னரே இருந்தது. தமிழ்ப் பள்ளியில் நூற்றுவீதக் கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர், இருபது வெள்ளி கழியும் அந்த நூறு வெள்ளியைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டினால், மாணவன் அதனை வீட்டிற்கும் எடுத்துச் செல்வான். முதலைகளை எண்ணத் தெரிந்தவன், அவற்றின் வாயில் விழமாட்டான்.