உறுமிக்கு ஒரு பெயர்

அப்பாவின் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி முடித்த கையோடு, குளுவாங் வீட்டிலேயே உட்கார்ந்து எசென்ஷியா என்ற மென்பொருளை ஓடவிட்டேன். பாட்டைக் கேட்டு வேகம், சுருதி, வகை எல்லாவற்றையும் அதுவே குறித்துவிடும். தோட்டத்துத் தீமிதியில் பதிந்த உறுமி மேளத்துக்கு அது வைத்த பெயர் ‘எலக்ட்ரானிக்’.

அம்மா சிரித்துவிட்டார். “கரண்டே இல்லாத லயத்துலடா அடிச்சாங்க! உங்கப்பா பேட்டரி போட்டுத்தான் பதிஞ்சாரு.”

சிரிப்பு அடங்கியதும் இந்தப் பிழையின் வரலாற்றைத் தேடினேன்.

எசென்ஷியா, பார்சிலோனாவின் பொம்பெயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தில் உருவானது. 2014இல் அப்பல்கலைக்கழகமும் மெட்டாபிரைன்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து அக்கூஸ்டிக்பிரைன்ஸ் திட்டத்தைத் தொடங்கின. உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் பாடல்களைத் தாங்களே அலசி, பாட்டை அனுப்பாமல் அதிலிருந்து எடுத்த எண்களை மட்டும் அனுப்பினார்கள். பல லட்சம் பதிவுகள் சேர்ந்தன. வகை பிரித்த மாதிரிகளில் ஒன்று, 2005இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் தொகுக்கப்பட்ட 1886 பாடல்களில் பயின்றது. ராக், ஜாஸ், புளூஸ் என அதற்குத் தெரிந்தவை 9 வகைகள்தான். எதைக் கொடுத்தாலும் அந்த ஒன்பதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘தெரியல’ என்று சொல்ல அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. தரவின் தரம் போதவில்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டு, 2022இல் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், அதே பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா 2011 முதல் 2017 வரை காம்ப்மியூசிக் என்ற ஆய்வை நடத்தினார். சென்னை ஐஐடியும் அதில் பங்கெடுத்தது. கர்நாடக இசையில் பாடகர் தன் குரலுக்கேற்ப ஆதார ஷட்ஜத்தை வைத்துக்கொள்கிறார். மேஜரா மைனரா என்ற கேள்வியே அங்கே பொருந்தாது. ஆகவே பின்னணியில் ஒலிக்கும் தம்புராவிலிருந்து முதலில் ஷட்ஜத்தைக் கண்டுபிடித்து, பிறகு ராகத்துக்குப் போனார்கள். கருவி மட்டும் மாறவில்லை, கேள்வியே மாறியது.

ஆனால் அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட ஐந்து மரபுகள் கர்நாடகம், இந்துஸ்தானி, துருக்கி மகாம், பெய்ஜிங் ஓபரா, அரபு-அந்தலூசியம். உறுமி அங்கேயும் இல்லை. செவ்வியல் என்று பெயர் வாங்கிய இசைக்குத்தான் இயந்திரமும் முதலில் காது கொடுக்கிறது.

‘எலக்ட்ரானிக்’கை அழித்துவிட்டு, கேசட் அட்டையில் அப்பா பேனாவால் எழுதியிருந்ததையே தட்டச்சு செய்தேன்: ‘உறுமி, தீமிதி, ராத்திரி’. அடித்தவர்கள் யார் என்று அம்மாவிடம் கேட்டேன். மூன்று பெயர்கள் வந்தன. நாலாவது ஆளை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.