பெயர்த்தகடு சொல்லாதவை: அலுவலகத் தொலைபேசி இணைப்புப் பலகைகளை அடையாளம் காணல்

இந்தியாவின் பழைய கல்லூரிகளிலும் ரயில்வே அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் கிடங்கைத் திறந்தால் சில வேளை ஒரு மரப்பெட்டி தென்படும். முகப்பில் வரிசை வரிசையாகத் துளைகள். கீழே மேசைபோல் நீண்ட தட்டில் இணை இணையாக நிற்கும் செருகிகள். அவற்றின் முன்னே சிறிய நெம்புவிசைகள். காட்சிக்கு வைக்கப்படும்போது 'பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், பிரிட்டிஷ் காலம்' என்னும் ஒற்றை வரியே இதற்குக் கிடைக்கிறது. அந்த வரியில் இரண்டு பிழைகள் இருக்கக்கூடும். முதலாவது, அது நகரத்து எக்ஸ்சேஞ்சே அன்று. ஓர் அலுவலகத்தின் அறைகளைத் தமக்குள்ளும் நகர எக்ஸ்சேஞ்சோடும் இணைத்த பி.பி.எக்ஸ். எனப்படும் பலகை. இரண்டாவது, அது விடுதலைக்குப் பின் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம்.

முதல் ஐயத்தைத் தீர்ப்பது எளிது. அலுவலகப் பலகையில் இருவகைத் தடங்கள் உண்டு: வெளி எக்ஸ்சேஞ்சுக்குச் செல்பவை சில, உள்ளறைகளுக்குச் செல்பவை பல. பிரிட்டிஷ் வழக்கில் 2+4 என்பதுபோல் எழுதப்படும் அளவுக் குறியீட்டில் முதல் எண் வெளித்தடங்களையும் அடுத்த எண் எக்ஸ்டென்ஷன்களையும் குறிக்கும். பெரிய நகர எக்ஸ்சேஞ்சிலோ ஒவ்வொரு சந்தாதாரரின் துளையும் பல இணைப்பாளர்களின் கைக்கு எட்டுமாறு திரும்பத் திரும்ப அமைக்கப்பட்டிருக்கும். தடம் ஓய்வாக உள்ளதா என்று அறிய, இணைப்பாளர் செருகியின் நுனியைத் துளையின் விளிம்பில் தொடுவார். காதில் 'டக்' என்று கேட்டால் வேறொருவர் அதில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஒருவரே அமர்ந்து இயக்கிய சிறிய அலுவலகப் பலகைக்கு இந்தச் சோதனை தேவைப்படவில்லை.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பது. மேக்னெட்டோ முறையில் ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனி மின்கலமும் கைப்பிடி சுற்றும் மின்னாக்கியும் இருந்தன. கைப்பிடியைச் சுற்றினால் பலகையில் அவ்வெண்ணுக்குரிய சிறிய உலோக மூடி கீழே விழும். பேசி முடித்தபின் மீண்டும் ஒருமுறை சுற்ற வேண்டும். அதை மறந்தவர்களால், பேச்சு முடிந்ததா என்று அறிய இணைப்பாளர் நடுவே புகுந்து கேட்க நேர்ந்தது. ஒட்டுக்கேட்பவர் என்ற பழிச்சொல்லில் ஒரு பகுதியேனும் இந்தப் பொறியமைப்பின் குறைபாடு என்றே கொள்ளத் தோன்றுகிறது. பொது மின்கல முறையில் ஒலிவாங்கியை எடுத்தாலே போதும். விளக்கு எரியும், அல்லது விழிபோன்ற குறிகாட்டி புரளும். வைத்தவுடன் அந்தக் குறிப்பு மாறும்.

பக்கவாட்டுக் கைப்பிடியைக் கண்டவுடனே 'மேக்னெட்டோ' என்று எழுதிவிடுவது பொதுவான தவறு. பொது மின்கலப் பலகைகளிலும், உள்ளறை மணியை ஒலிக்கச் செய்ய, இணைப்பாளருக்குக் கைப்பிடி தரப்பட்டதுண்டு. அழைப்பு பலகைக்கு எவ்வாறு வந்தது என்பதே தீர்மானிக்கும் சான்று. பலகையிலிருந்து எவ்வாறு சென்றது என்பதன்று.

மூடி, விழி, விளக்கு என்ற வரிசையைக் கால வரிசையாகவும் கொள்ளலாகாது. மின்வசதி குறைந்த இடங்களிலும் சுரங்கங்களிலும் ரயில் தடங்களிலும் மேக்னெட்டோ நெடுங்காலம் நீடித்தது. ஆகவே மூடி விழும் பலகை ஒன்று, விளக்கு எரியும் பலகையைவிடப் பிற்பட்டதாக இருக்க இடமுண்டு.

பெயர்த்தகடும் வழிதவறச் செய்யும். 'சீமென்ஸ் பிரதர்ஸ்' என்பது லண்டன் வுல்விச்சில் இயங்கிய நிறுவனம். பெர்லினின் 'சீமென்ஸ் - ஹால்ஸ்க' வேறு. 'எரிக்சன்' என்றால் ஸ்டாக்ஹோம் என்று முடிவுகட்டவும் முடியாது. நாட்டிங்காம் அருகே பீஸ்டனில் 1903 முதல் பிரிட்டிஷ் எரிக்சன் தனியே செய்துவந்தது. 1926இல்தான் அதன் பெயர் 'எரிக்சன் டெலிபோன்ஸ்' ஆயிற்று. எனவே அந்தப் பெயர் பொறித்த பலகை அதற்கு முற்பட்டதாக இராது. பெங்களூரின் ஐ.டி.ஐ. 1948இல் லிவர்பூலின் ஏ.டி.இ. நிறுவனத் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு தொடங்கியது. அதனால் தோற்றத்தை மட்டும் கண்டு 'சீமைச் சரக்கு' என்று எழுதுவது ஆபத்தானது.

தகடு பொய்த்தால் பின்கதவைத் திறக்க வேண்டும். மெழுகிட்ட பருத்தி உறை போர்த்து நூலால் கட்டப்பட்ட கம்பிகள் பொதுவாக முற்பட்டவை, பி.வி.சி. உறை இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியது. இரண்டும் கலந்திருப்பின் அது பழுதுபார்ப்பின் வரலாறு. பேக்கலைட் 1907இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முற்பட்டதெனச் சொல்லப்படும் பலகையில் பேக்கலைட் குமிழ் இருந்தால் ஒன்று காலக்கணிப்பு தவறு, அல்லது குமிழ் மாற்றப்பட்டிருக்கிறது. எண்சுழற்றும் டயல் இருந்தால், அந்தப் பலகை ஏதோ ஒரு காலத்தில் தானியங்கி அமைப்போடு பேசியது என்று பொருள். இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14இல் சிம்லாவில் அமைந்தது. பிற ஊர்களுக்கு அது வெவ்வேறு காலங்களில் வந்தது. ஆதலால் டயலைச் சுற்றியுள்ள மரத்தின் நிறமாற்றத்தையும் பழைய திருகாணித் துளைகளையும் பார்த்து, டயல் பின்னர் பொருத்தப்பட்டதா என்று தெளிந்த பின்னரே உள்ளூர் எக்ஸ்சேஞ்சின் ஆண்டோடு ஒப்பிட வேண்டும்.

ஆய்வாளருக்கு மிகுதியும் பயன்படும் சான்று துளைகளின் கீழுள்ள காகிதச் சீட்டுகள். பதிவாளர், கணக்கர், கிடங்கு, மருத்துவ அறை என எழுதப்பட்டு, அடித்து, மேலே வேறு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். யாருக்குத் தொலைபேசி கிடைத்தது, எந்தப் பிரிவு பின்னர் சேர்ந்தது என்பதற்கு நிருவாகக் கோப்பைவிட நேரடியான பதிவு அது. துளையின் உலோக விளிம்பு தேய்ந்திருக்கும் அளவு, எந்த அறை மிகுதியாக அழைக்கப்பட்டது என்பதைக் காட்டும். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் இப்பணியில் ஆங்கிலோ-இந்தியப் பெண்கள் பெருமளவில் இருந்தனர். அவர்கள் நாள் முழுதும் கைநீட்டிய திசையை அந்தத் தேய்மானம் காட்டுகிறது. காட்சிக்கு வைக்குமுன் பித்தளையை மெருகேற்றி, சீட்டுகளைச் சுரண்டி, மரத்துக்குப் புதிய வார்னிஷ் பூசுவோர் முதலில் அழிப்பது இவற்றையே. துணியால் தூசியைத் துடைப்பதற்கும் முன்னர், சீட்டுகளின் ஒவ்வோர் அடுக்கையும் ஒவ்வொரு துளையையும் எண்ணிட்டுப் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.